உவரி மணலும் போஸ் போட்ட கணக்கும்

உவரி கடற்கரையில் அலை வடிந்த இடத்தில் செக்கச்செவேலென்று மணல் படிந்து கிடக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அது கார்னெட். உப்புத்தாள் செய்ய உதவுவது. அதே படிக அமைப்பில் இட்ரியம், இரும்பு, ஆக்சிஜன் சேர்த்து ஆய்வகத்தில் வளர்க்கும் காந்தப் பொருள்தான் இட்ரியம் அயர்ன் கார்னெட்.

அதிலுள்ள ஒவ்வொரு இரும்பணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்று அசைந்தால் பக்கத்தில் உள்ளதும் அசையும். தாமிரபரணிக் கரை வயலில் காற்று பட்டதும் நெற்பயிர் சாய்ந்து சாய்ந்து எழுமே, அப்படி. பயிர் நின்ற இடத்திலேயே நிற்கும், அலைதான் ஓடும். இந்தக் காந்த அலையைத் துகளாகவும் பார்க்கலாம்; அந்தத் துகளுக்கு மேக்னான் என்று பெயர்.

1924-ல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கணக்கிலிருந்து பிறந்த கருத்து இது: இத்தகைய துகள்கள் ஒரே நிலையில் குவிந்து, ஒன்றுபோல அசையலாம். அணுக்களை அப்படிக் குவிக்கக் கடுங்குளிர் வேண்டும். மேக்னான்களுக்கோ அது தேவைப்படவில்லை. 2006-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் டெமோக்ரிடோவ் குழு, 5 மைக்ரான் தடிமனுள்ள கார்னெட் படலத்தில் மைக்ரோவேவைப் பாய்ச்சி, அறை வெப்பநிலையிலேயே அவற்றைக் குவித்துக் காட்டியது.

அறை என்றால் ஜெர்மனி அறை. சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டை மொட்டைமாடி அறை அல்ல!