நெலுச் செடியும் நெல் வயலும்

மத்திய மலைநாட்டில், ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது ஹோட்டன் சமவெளி. 1988 முதல் தேசிய பூங்காவாகப் பேணப்படும் அவ்விடத்து முகிற்காடுகளில், மரங்களின் கீழ் அடர்ந்து வளரும் பூஞ்செடியே நெலு. இது குறிஞ்சிச் சாதியைச் சேர்ந்தது. நீலகிரியில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளிற் பூத்த நீலக்குறிஞ்சி இதன் உறவினம். நெலுவிற் சில இனங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் வரை பூவாதிருந்து, பின் ஒருங்கே பூத்து, விதையுதிர்த்து, ஒருங்கே மடிகின்றன.

இதன் காரணத்தைத் தாவர நூலோர் பின்வருமாறு விளக்குவர். காட்டுக்கோழியும் எலியும் இவ்விதையை விரும்பி உண்பன. ஒரு செடி தனித்துக் காய்ப்பின் அதன் விதை முழுவதும் இரையாகும். காடு முழுவதும் ஒரே காலத்திற் காய்ப்பின், அவை உண்டு தெவிட்டிய பின்னும் விதை மிஞ்சும். அடுத்த பூப்பு வரை விதை கிடையாமையால், அவற்றின் பெருக்கமும் குறையும்.

உணவு தீர்ந்த எலி வேறிடம் நாடும். நெலு விதையை உண்டு வாழ்ந்த எலிகள் பஞ்சக் காலத்திற் கோப்பித் தோட்டங்களுட் புகுந்ததை, 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெப்பத்தில் நெலு வளராது. ஆயினும் அது தரும் பாடம் இங்குள்ள வயலுக்கும் பொருந்தும். ஒரு வெளியில் ஒருவர் முந்தியும் மற்றவர் பிந்தியும் விதைப்பின், முந்திய வயல் முற்றியதும் நெல் மூட்டுப்பூச்சி பாற்பருவத்திலுள்ள பிந்திய வயலுக்குப் பறந்து செல்லும். குருவியும் எலியும் அவ்வாறே. இறுதியாக விளையும் வயலே பேரிழப்படையும்.

ஆதலாற் கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு வெளியிலுள்ளோர் காலபோகத்துக்கு முன் கூடி, விதைப்பு நாளை ஒருமித்துத் தீர்மானித்தல்.

2. ஒத்த வயதுடைய நெல்லினங்களை விதைத்தல். வயது வேறுபடின், நீண்ட வயதுடையதை முந்தி விதைத்து, யாவும் ஒரே காலத்திற் கதிர்விடச் செய்தல்.

3. வரம்பிலுள்ள புல்லை அகற்றி, எலி வளைகளை அழித்தல்.

4. தோட்டங்களில், காய்ப்பு ஓய்ந்த கத்தரிச் செடிகளை உடனே பிடுங்கி அழித்தல். அவை தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு உறைவிடமாகும்.

தனியொருவர் முயற்சியால் மட்டும் இப்பயன் கிட்டாது. அயலவர் ஒத்து விதைப்பின், அழிவு வெளி முழுவதும் பகிரப்பட்டு, ஒவ்வொருவருக்கும் சிறிதாகும்.