கேள்விக்காகக் காத்திருக்கும் இரவு

மும்பையில் பணியாற்றிய ஆண்டுகளில், தாணேயில் வசிக்கும் ஒரு யூதக் குடும்பத்தின் பஸ்கா விருந்துக்கு ஒருமுறை அழைக்கப்பட்டிருந்தேன். வீட்டின் ஏழு வயதுப் பேத்தி எழுந்து நின்று, அந்த இரவின் தனித்தன்மை பற்றிய நான்கு கேள்விகளை எபிரேய மொழியில் பிழையின்றிப் பாடினாள். அனைவரும் கைதட்டினார்கள். எனக்கு அது பள்ளி ஆண்டு விழாவை நினைவூட்டியது.

உண்மையான கேள்வி பிறகுதான் வந்தது. எகிப்தின் மீது இறங்கிய பத்து வாதைகளின் பெயர்களை வாசிக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் கோப்பையிலிருந்து ஒரு துளியை விரலால் தொட்டுத் தட்டில் சிந்துவது மரபு. பத்தாவது வாதை எகிப்தியரின் தலைப்பிள்ளைகளின் சாவு. பத்தாவது துளி விழுந்ததும் சிறுமி மராத்தியில் கேட்டாள்: "ஆஜோபா, அந்தப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?" தாத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், கையிலிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். சமையலறையில் உணவு ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த அரை மணி நேரம் புத்தகத்தை யாரும் தொடவில்லை.

விவிலியம் வாசித்தவர்களுக்குப் பஸ்கா புதிய சொல் அல்ல. எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்று வெளியேறியதன் நினைவுநாள் அது. நிசான் மாதத்தின் முழுநிலவு இரவில், பெரும்பாலும் நம் பங்குனி அல்லது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, தொடங்கும். இஸ்ரேலில் 7 நாட்கள், வெளிநாடுகளில் மரபு வழுவாத யூதரிடையே 8 நாட்கள். அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்க நேரமிருக்கவில்லை என்பதால், அந்நாட்களில் புளித்த மாவுப் பண்டம் எதையும் உண்ணக் கூடாது. வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் உள்ளிட்ட ஐவகைத் தானியங்களின் மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடங்களுக்குள் அப்பம் சுட்டெடுக்கப்படாவிட்டால் அது புளித்ததாகவே கணக்கு. அரிசி உண்ணலாமா என்பதில் யூதர்களுக்குள்ளேயே நூற்றாண்டுக் கணக்கில் வழக்கு உண்டு. கிழக்கத்திய யூதர்களில் பலர் மும்முறை பொறுக்கிப் பார்த்த பிறகு உண்பார்கள். ஐரோப்பிய யூதர்கள் காலங்காலமாகத் தவிர்த்து வந்தார்கள்.

இதற்கான ஆயத்தம் வாரக்கணக்கில் நீளும். அலமாரி இடுக்குகள், சட்டைப் பைகள், குழந்தைகளின் புத்தகப் பைகள் என எங்கும் ரொட்டித் துகள் தேடப்படும். அன்றாடப் பாத்திரங்கள் ஒதுக்கப்பட்டு, பஸ்காவுக்கென்றே உள்ளவை வெளியே வரும். நம் வீடுகளின் போகிச் சுத்தத்தைப் போலவே, இந்த உழைப்பின் பெரும்பகுதி பெண்களின் முதுகில்தான் விழுகிறது. விருந்தில் அமரும்போதே அவர்கள் களைத்துவிடுகிறார்கள். தூசி ஒன்றும் புளித்த மாவு அல்ல, பிள்ளைகள் பலியாடுகளும் அல்லர் என்று யூதர்கள் வேடிக்கையாகச் சொல்வது இதனால்தான்.

கடைசித் தேடல் மட்டும் குழந்தைகளுக்கு உரியது. முந்தைய இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, மெழுகுவத்தி, ஒரு பறவை இறகு, ஒரு மரக்கரண்டி ஆகியவற்றுடன் வீடெங்கும் தேடுவார்கள். ஏற்கெனவே துடைத்து வைத்த வீட்டில் கிடைப்பதற்கு எதுவும் இருக்காது என்பதால், பெரியவர்களே 10 ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைத்துவிடுவார்கள். கிடைத்தவை மறுநாள் காலை எரிக்கப்படும். ஒளித்த இடங்களைக் குறித்துவைக்க மறந்துவிட்டால் பெரியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

விருந்து இரவிலும் இதே தந்திரம் தொடர்கிறது. கீரையை உப்புநீரில் தோய்ப்பது, சாய்ந்து அமர்வது, அப்பத்தைப் பாதியாக உடைத்து ஒரு பாதியை ஒளித்து வைப்பது போன்ற செயல்களுக்குத் தனித்தனி விளக்கங்கள் உண்டு. ஆனால், தோய்ப்பது ஏன் என்று ஆராயும் தால்மூத், குழந்தைகள் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதையே காரணமாகச் சொல்கிறது. பிள்ளைகள் தூங்கிவிடாமலிருக்க வறுத்த தானியங்களையும் கொட்டைகளையும் பங்கிட்டுக் கொடுத்த ரபி அகிவாவைப் பற்றியும் அதில் குறிப்பு இருக்கிறது.

அதே நூலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. இன்றைய இராக்கில், 4-ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற அறிஞராக விளங்கிய அபாயே, தாய் தந்தையை இழந்தவர்; சிற்றப்பன் முறையான ரப்பாவிடம் வளர்ந்தவர். ஒரு பஸ்கா இரவில், உணவு பரிமாறும் முன்பே மேசையை அகற்றுவதைக் கண்ட அபாயே, இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வி போதும், வழக்கமான கேள்விகளைச் சொல்லும் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிட்டாய் என்றாராம் ரப்பா.

இந்தப் பதிலின் முக்கியத்துவம் அந்தக் கேள்விகளின் வரலாற்றை அறிந்தால்தான் புரியும். பொ.ஆ. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, இரண்டாவது கோப்பை நிரப்பப்பட்டதும் பிள்ளை தந்தையிடம் கேட்க வேண்டும் என்கிறது. கேட்கும் அறிவு இன்னும் வராத பிள்ளையாக இருந்தால் மட்டும், என்ன கேட்கலாம் என்பதைத் தந்தை சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்று உலகெங்கும் குழந்தைகள் மனப்பாடமாகப் பாடும் நான்கு கேள்விகள் அப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்ட மாதிரிகள்தாம். ஊன்றுகோலாகத் தந்தது காலப்போக்கில் சடங்கின் மையமாகிவிட்டது. வீட்டில் பிள்ளை இல்லையென்றால் மனைவி கேட்க வேண்டும், தனியாக இருப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும், சட்டமெல்லாம் கரைத்துக் குடித்த இரண்டு அறிஞர்கள் மட்டுமே இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்குக் கேள்வியை வற்புறுத்தியவர்கள் அந்த ரபிகள்.

அன்றிரவு வாசிக்கப்படும் நூலின் பெயர் ஹகதா. அதன் பொருளே 'எடுத்துச் சொல்லுதல்' என்பதுதான். அறிவுள்ளவன், கெட்டவன், எளியவன், கேட்கத் தெரியாதவன் என நான்கு வகைப் பிள்ளைகளை அது முன்னிறுத்தி, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பதில் தருகிறது. கெட்டவன் செய்த குற்றம், இந்தச் சடங்கு உங்களுக்கு எதற்கு என்று தன்னை விலக்கிக்கொண்டு கேட்டது. அவனுக்குக் கிடைக்கும் பதில் கடுமையானது: அவன் எகிப்தில் இருந்திருந்தால் மீட்கப்பட்டிருக்க மாட்டான் என்கிறது நூல். இந்த இடத்தில் ஹகதாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளிருந்து எழும் எரிச்சலான கேள்விக்கு இப்படிப் பதில் சொன்னால், அடுத்த ஆண்டு அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவனுக்கு மேசையில் ஓர் இடமும், நூலில் ஒரு பத்தியும் ஒதுக்கிய மரபு இது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்விதான் எல்லாம் என்று இத்துடன் முடித்துக்கொள்ள, தாணே வீட்டுக்காரர்களின் முன்னோர் விடவில்லை. அவர்கள் பெனே இஸ்ரேல் எனப்படும் கொங்கண் யூதர்கள். கடற்கரையில் கரையேறியபோதே வேத நூல்களை இழந்துவிட்டதாக அவர்களது மரபுக் கதை சொல்கிறது. செக்காட்டிப் பிழைத்த அவர்கள் ஓய்வுநாளில் செக்கோட்ட மாட்டார்கள். அதனால் அண்டை அயலார் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தார்கள். வசந்தகாலத்தில் ஒரு பண்டிகை வரும். புளிப்புச் சாறு வைத்திருக்கும் பானையை அந்நாட்களில் மூடிவைத்துவிடுவார்கள். 'பானை மூடும் பண்டிகை' என்ற பொருளில் அதற்கு ஒரு மராத்திப் பெயரும் இருந்தது. எகிப்து, பார்வோன், செங்கடல் எதுவும் நினைவில் இல்லை. பிள்ளைகள் ஏன் என்று கேட்டிருப்பார்கள். பதில் சொல்ல யாரிடமும் கதை இல்லை. ஆனாலும் பானையை மூடினார்கள், தலைமுறை தலைமுறையாக.

பின்னர் கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்களும், விவிலியத்தை மராத்தியில் பெயர்த்த கிறித்தவ மிஷனரிகளும் இழந்த கதையைக் கொண்டுவந்து சேர்த்தபோது, அது வந்து அமர ஓர் இடம் தயாராக இருந்தது. 1846-இல் பம்பாயில் எபிரேயமும் மராத்தியும் கலந்த ஹகதா அச்சானது. 1874-இல் புனேயில் வந்த பதிப்பில், சேலை உடுத்திய பெண்கள் மாவு பிசைந்து அப்பம் சுடும் படம் இருக்கிறது. சொல்லப்படாத சடங்கு வெறும் கூடு என்று நானும் எழுதியிருக்கிறேன். அந்த மூடிய பானையைப் பற்றி வாசித்த பிறகு அவ்வளவு உறுதியாக எழுத முடியவில்லை.

1948 வாக்கில் இந்தியாவில் சுமார் 20,000 பேராக இருந்த பெனே இஸ்ரேலர் இன்று சில ஆயிரம் பேர்தாம். பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டார்கள். தாணே வீட்டிலும் மகனின் குடும்பம் அடுத்த ஆண்டு புறப்படுவதாக இருந்தது. தாத்தாவும் பாட்டியும் இங்கேயே இருப்பது என்று முடிவு.

அன்று தாத்தா தந்த விளக்கம், துளிகளைச் சிந்துவதே அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் என்பது. பிறர் துயரத்தில் நம் கோப்பை நிரம்பியிருக்கக் கூடாது என்றார். சிறுமி ஏற்கவில்லை, துளி சிந்தினால் அவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்டாள். தாமும் சிறுவயதில் தம் தந்தையிடம் இதையே கேட்டதாகவும், தமக்கும் சரியான பதில் கிடைக்கவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் சாப்பிட்டோம்.

கை கழுவும் இடத்தில் என்னிடம் மட்டும் சொன்னார்: "அங்கே போனபின் இவள் இதையெல்லாம் எபிரேயத்தில் கேட்பாள். எனக்கு அதில் பிரார்த்தனை செய்யத்தான் தெரியும், பேசத் தெரியாது."

நாங்கள் கூடத்துக்குத் திரும்பியபோது, ஒளித்து வைத்த பாதி அப்பத்தைச் சிறுமி கண்டுபிடித்திருந்தாள். அதைப் பகிர்ந்து உண்ணாமல் விருந்து நிறைவு பெறாது. ஆகவே, கண்டெடுத்த பிள்ளை விலை பேசலாம். அவள் சைக்கிள் கேட்டாள். பேரம் நெடுநேரம் நடந்து, வண்ணப் பென்சில் பெட்டியில் முடிந்தது.