கட்டுப்பல்லுக்கு ஓர் ஊன்றுகோல்

"பல் போனால் சொல் போச்சு" என்பர் நம் முன்னோர். சொல்லோடு முறுக்கும் கச்சானும் போய்விடுவதை அவர்கள் ஏனோ குறிப்பிட்டாரல்லர்! கொலன்னாவையில் நம்மவர் இல்லங்களில், மதிய உணவு வேளையில் கட்டுப்பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் இட்டுவிட்டு, சோற்றைக் குழைத்து விழுங்கும் முதியோரை நாம் கண்டிருக்கிறோம். பல் கட்டியும் மெல்ல இயலாமற் போவதேன்?

பெரும்பாலும் கடைவாய்ப் பற்களே முதலில் விடைபெறுகின்றன. எஞ்சிய பற்களைப் பற்றிக்கொள்ளும் கட்டுப்பல், முன்புறத்தில் உறுதியாக நிற்கும். பின்புறத்திலோ மெத்தென்ற முரசின்மேற் கிடக்கும். கடிக்குந்தோறும் பின்முனை அமிழ்ந்து ஆடும். முரசு நோகும், பற்றுக்கோடான பல்லும் நாளடைவில் தளரும். பல்லிழந்த தாடையெலும்பு ஆண்டுதோறும் தேய்வதால் ஆட்டம் மிகுமேயன்றிக் குறையாது.

இதற்குத் தீர்வு தந்தவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரானமார்க். முயலின் எலும்பிற் பதித்த டைட்டேனியம், பிரித்தெடுக்க இயலாதவாறு எலும்போடு ஒன்றிப்போனதை 1950களில் அவர் கண்டார். 1965இல் மனிதத் தாடையில் அதைப் பதித்தார். போன பல் ஒவ்வொன்றையும் இம்முறையில் நிலையாகக் கட்டுவதாயின் பொருட்செலவு மிகும். நடுத்தரக் குடும்பங்களுக்கு உகந்தது வேறொரு வழி என்பது நம் கருத்து. கடைவாயின் இருபுறமும் ஒவ்வொரு டைட்டேனிய முளை போதும். சட்டையின் அழுத்துப் பொத்தானைப் போலக் கட்டுப்பல் அதன்மேற் பொருந்திக்கொள்ளும். பின்முனை அமிழாது; கடியின் விசை எலும்பிற் சேரும். சிலருக்குப் பழைய கட்டுப்பல்லையே திருத்தி அமைத்துவிடலாம்.

கீழ்த்தாடையில் முளை எலும்போடு இணைய ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும். போதிய எலும்பு உண்டா என்பதை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டும். கட்டுப்படாத நீரிழிவும் புகைப்பழக்கமும் முளை பிடிப்பதைக் கெடுக்கக்கூடியவை. பல் வைத்தியரிடம் இவற்றை ஒளித்தலாகாது.

முளைக்குச் சொத்தை வாராது. ஆனால் அதைச் சுற்றியும் முரசு நோய் வரும். அந்நோயின் கொடுமையை நம் மலையகமே உலகுக்குக் காட்டிற்று. பற்சுகாதார முறை எதையும் கைக்கொள்ளாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரை, 1970 முதல் 1985 வரை ஹரால்ட் லோ என்ற அறிஞரும் பிறரும் ஆராய்ந்தனர். நூற்றுக்கு எட்டுப் பேரளவில் நோய் கடுகி வளர்ந்தது. அன்னோர் 45 வயதளவில் பற்கள் அனைத்தையும் இழந்தனர். அவர்களிடம் சொத்தைப்பல் அநேகமாக இருந்ததேயில்லை! ஆகவே, முளை பதித்த பின்னரும் இரவில் கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவுவதும், முளையைச் சுற்றித் தூரிகையால் துலக்குவதும் நாள்தோறும் செய்யவேண்டிய வேலைகளே.