சுற்றுத் தவறாத செபம்

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை அதே மலையில் மீண்டும் கொழுந்து பறிக்கப்படுகிறது. சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றிவிடும். செபமும் அத்தகையதே, நாள்கள் தவறினால் மனம் இறுகிவிடும்.

"விடிந்தால் பெரட்டு, பொழுதுபட்டால் அடுப்பு, செபிக்க நேரம் ஏது?" என்று லயத்துத் தாய் கேட்பது நியாயமே. அவருக்கும் ஏற்றது திருச்சபையின் மூவேளைச் செபம். சில நிமிடங்களே போதும். பெரட்டுக்குப் புறப்படுமுன், நண்பகலில் கொழுந்து நிறுக்கக் காத்திருக்கையில், மாலையில் விளக்கேற்றியதும் அதைச் சொல்லலாம்.

1692இல் இம்மலைநாட்டின் கண்டியில் சிறைவைக்கப்பட்ட யோசப் வாஸ் அடிகளார், அங்கும் செபத்தைக் கைவிடவில்லை. 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

களைத்த உடலோடு சொல்லும் சிறு செபத்துக்கும் ஆண்டவர் செவிசாய்க்கிறார். நேரம் கிடைக்கட்டும் என்று காத்திராது, இன்றே ஒரு வேளையைக் குறித்துக்கொள்வோம்.