வீட்டில் கட்டும் தூண்டிலுக்கும் கூலி உண்டு



கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊக்குநர் உறுப்பினர் விவரப் படிவம் நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. "உங்க தொழில் என்னக்கா?" என்று கேட்டதுக்கு ஒரு உறுப்பினர், "தொழில் என்ன தொழில், சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றார். பக்கத்தில் இருந்த அவங்க மைனி விடலை. "சும்மாவா இருக்க? நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து முள்ளு கட்டுனது யாரு?" என்று கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். ஆனா படிவத்தில் அந்த இடம் காலியாகத்தான் போச்சு.

நம் கடற்கரையில் எத்தனையோ வீடுகளில் இந்த இடம் காலியாகத்தான் இருக்கு. தூண்டில் கட்டுவது ஒரு தொழில். அதை உறுதியாகக் கட்டுவது எப்படி, உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் கட்டுவது எப்படி, அதற்குக் கூலி போடுவது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

நம்ம கரையும் கயிறும்

வேம்பார் முதல் பெரியதாழை வரைக்கும் நம் மாவட்டக் கரையில் வலைத் தொழிலோடு தூண்டில் தொழிலும் உண்டு. ஆள் கையிலேயே பிடித்துக்கொண்டு இறக்குவது கைத்தூண்டில். ஒரே தாய்க்கயிற்றில் நூற்றுக்கணக்கான முள்ளைத் தொங்கவிடுவது நெடுந்தூண்டில். ஆயிரங்கால் தூண்டில் என்றும் சொல்வாங்க. கணவாய்க்குத் தனித் தூண்டில் இருக்கு. பாறை, விளமீன், கலவா, சீலா என்று நல்ல விலை மீன்கள் தூண்டிலில் வரும். வலையில் சிக்கி நசுங்காமல், செதில் போகாமல் வருவதால் தூண்டில் மீனுக்கு ஏலத்தில் மதிப்பு கூடுதல்.

கயிற்றை நம்பிப் பிழைப்பது நமக்குப் புதுசு இல்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் குளியாளி கல்லைக் கட்டிய கயிற்றோடு கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் உயிர் அந்தக் கயிற்றில்தான். இன்றைக்கு முத்துக்குளிப்பு இல்லை. ஆனா கட்டு அவிழ்ந்தால் நஷ்டம் என்பது மாறலை.

எங்க வீட்டிலேயே ஒரு தடவை அப்படி ஆச்சு. அவசரத்தில் ஈரம் வைக்காமல் இறுக்கிய முடிச்சு அது. பெரிய பாறை மீன் ஒன்று வள்ளத்துப் பக்கம் வரைக்கும் வந்து அறுத்துக்கிட்டுப் போயிட்டு. அவுக திட்டலை. அந்த நரம்பின் முனையை மட்டும் கொண்டுவந்து காட்டினாக. முனை சுருண்டு, பன்றி வால் மாதிரி இருந்தது. அப்படி இருந்தால் நரம்பு அறுந்ததில்லை, முடிச்சு நழுவியது என்று அர்த்தம். அந்த முடிச்சு நான் போட்டது.

முதலில் முள்ளைத் தெரிஞ்சுக்குவோம்

கடையில் முள் வாங்கும்போது நம்பர் குழப்பும். 1-ல் இருந்து 2, 4, 6, 8 என்று நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். ஆனா நம்பருக்குப் பக்கத்தில் சைபர் சேர்ந்து 1/0, 2/0, 5/0 என்று இருந்தால், நம்பர் ஏற ஏற முள் பெரிசாகும். 6-ம் நம்பர் முள்ளும் 6/0 முள்ளும் ஒன்றில்லை. கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும். அதனால் பழைய முள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது.

முனை உள்பக்கமாக வளைந்த வட்ட முள் என்று ஒன்று உண்டு. அது மீனின் தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். கடலாமை ஆழமாக விழுங்குவதும் இதில் குறைவு. கடலாமைகள் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடா ஆமைகள் வாழும் கடல் என்பதால் இந்த முள்ளைப் பற்றி வீட்டு ஆட்களிடம் பேசிப் பார்க்கலாம்.

கண் உள்ள முள்ளுக்கு முடிச்சு

1. தங்கூசி நரம்பை முள்ளின் கண்ணுக்குள் கோர்த்து, ஒரு சாண் நீளம் வெளியே விடுங்க.
2. அந்த முனையால் நீள நரம்பையே 5 சுற்று சுற்றுங்க. நரம்பு ரொம்பத் தடிமனாக இருந்தால் 3 அல்லது 4 சுற்று போதும். அதற்கு மேல் சுற்றினால் இறுகாது.
3. முனையைத் திருப்பி, கண்ணுக்கு ஒட்டியிருக்கும் முதல் சின்ன வளையத்துக்குள் விடுங்க. அப்போது பக்கத்தில் ஒரு பெரிய வளையம் உண்டாகும். அதற்குள்ளும் முனையை விட்டு எடுங்க.
4. தண்ணீரில் நனைச்சு, மெதுவாக இழுத்து இறுக்குங்க. சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது. வரிசையாக உட்காரணும்.
5. முனையில் அரிசி நீளம் விட்டுட்டு வெட்டுங்க. ஒட்ட வெட்டினால் நழுவும்.

ஏன் நனைக்கணும்? நரம்பு நரம்போடு உரசும்போது சூடு உண்டாகும். அந்தச் சூட்டில் நைலான் பலம் இழக்கும். கண்ணுக்குத் தெரியாது, மீன் இழுக்கும்போதுதான் தெரியும்.

தட்டைத் தலை முள்ளுக்கு

நெடுந்தூண்டில் முள் பலதுக்கும் கண் இருக்காது, தலை தட்டையாக இருக்கும். இதற்கு முள்ளின் தண்டோடு சேர்த்துக் கட்டணும். நரம்பைத் தண்டு நீளத்துக்கு ஒரு வளையமாக மடிச்சு வையுங்க. முனையால் தண்டையும் நரம்பையும் சேர்த்து 7 சுற்று நெருக்கமாகச் சுற்றுங்க. முனையை அந்த வளையத்துக்குள் விட்டு, நனைச்சு, இரண்டு பக்கமும் இழுத்து இறுக்குங்க. நீள நரம்பு முள்முனை இருக்கும் பக்கமாகத்தான் வெளியே வரணும். பின்பக்கம் வந்தால் தட்டைத் தலையின் விளிம்பே நரம்பை அறுத்துடும்.

குடத்தை வச்சுச் சோதனை

கட்டியது தாங்குமா என்று பார்க்கத் தராசு வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 கிலோ தாங்கும் என்று எழுதிய நரம்பில் கட்டியிருந்தால், 10 லிட்டர் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, முள்ளை ஓர் உறுதியான கம்பியில் மாட்டித் தொங்கவிடுங்க. தரைக்கு இரண்டு விரல் உயரத்தில் தொங்கினால் போதும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீங்க, பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். ஐந்து நிமிஷம் நின்றால் நல்ல கட்டு. நூறு கட்டினால் ஐந்தையாவது இப்படிச் சோதிங்க.

இடைவெளிக் கணக்கு

நெடுந்தூண்டிலில் ஒரு கிளைக்கயிறு அடுத்த கிளையோடு சிக்காமல் இருக்க ஓர் எளிய கணக்கு உண்டு. இரண்டு கிளைக்கு நடுவே உள்ள தூரம், கிளை நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலே இருக்கணும். கிளை அரைப் பாகம், அதாவது 3 அடி என்றால் இடைவெளி 6 அடிக்கு மேலே வேணும். 8 அடி வைக்கலாம். அப்போ 200 முள்ளுக்குத் தாய்க்கயிறு 1600 அடி. கயிறு வாங்கும் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டால் பணம் வீணாகாது.

அடுப்பில் ஈயம் வேண்டவே வேண்டாம்

இதை எல்லாரும் கவனிச்சுப் படிங்க. பழைய ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி எடைக்கட்டி வார்க்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கு. ஈயம் சுமார் 327 டிகிரி சூட்டில் உருகும். அந்தப் புகையும் தூசியும் தரையிலும் பாத்திரத்திலும் துணியிலும் படியும். தவழ்கிற பிள்ளை கையை வாயில் வைக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் உடம்பில் இருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். அச்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால்கூட உருகிய ஈயம் வெடிச்சுத் தெறிக்கும்.

அதனால் எடையைக் கடையில் வார்த்ததாகவே வாங்குங்க. இல்லாவிட்டால் இரும்பு நட்டு, துளையிட்ட கல் போன்றதைப் பயன்படுத்துங்க. சின்ன ஈயக் குண்டைப் பல்லால் கடிச்சு நெருக்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை இன்றைக்கே விட்டுடுங்க. குறடு போதும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதீங்க. வீட்டில் ஏற்கெனவே ஈயம் உருக்கியிருந்தால் பிள்ளைகளை டாக்டரிடம் காட்டி விஷயத்தைச் சொல்லுங்க. ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதனை செய்து பார்க்க முடியும்.

கம்புத் தூண்டிலும் கட்டலாம்

கரையில் நின்று கம்பு வீசி மீன் பிடிப்பவர்களை இப்போது பார்க்கிறோம். கண்ணாடி நாரில் செய்த கம்பில் நரம்பு ஓடும் வளையம் ஒன்று பிடுங்கிக்கிட்டாலே முழுக்கம்பும் மூலையில் போய்விடும். அந்த வளையத்தைத் திரும்பக் கட்டுவது நம் கைக்கு வரக்கூடிய வேலை. வளையத்தின் காலைக் கம்பில் பொருத்தி, உறுதியான நூலால் நெருக்கமாகச் சுற்றணும். நூலின் தொடக்க முனை சுற்றுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். முடிப்பதற்கு எட்டுச் சுற்று இருக்கும்போது ஒரு தனி நூல் வளையத்தை உள்ளே வச்சுச் சுற்றி, கடைசி முனையை அதில் கோர்த்து இழுத்தால் முடிச்சே இல்லாமல் முடியும். மேலே இரண்டு டப்பாவாக வரும் எபாக்சிப் பசையைச் சொன்ன அளவில் கலந்து பூசி, வடியாமல் கம்பை மெதுவாகச் சுழற்றிக்கிட்டே இருக்கணும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்க.

புதுக்கம்பு கட்டினால் இன்னொன்றும் பார்க்கணும். கம்பின் அடியைத் தரையில் ஊன்றி நுனியைப் பிடிச்சு வளைச்சால், அது தானாக ஒரு பக்கம் திரும்பி நிற்கும். அந்த வளைவை ஒட்டித்தான் வளையங்களை வரிசையாக வைக்கணும். பெரிய வளையம் அடியில், நுனிக்குப் போகப்போகச் சின்னதும் நெருக்கமுமாக. நரம்பைக் கோர்த்துக் கம்பை வளைச்சுப் பாருங்க. நரம்பு கம்பில் உரசாவிட்டால் சரி.

இப்போ கூலிக் கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். நரம்பு வெட்டி, முள் கட்டி, மறுமுனையில் வளையம் போட ஒரு கிளைக்கு 3 நிமிஷம் என்று வைப்போம். 200 முள்ளுக்கு 600 நிமிஷம், அதாவது 10 மணி நேரம். ஒரு முள்ளுக்கு ஒரு ரூபாய் என்று யாராவது கொடுத்தால் 200 ரூபாய். மணிக்கு 20 ரூபாய்தான். உங்க ஊரில் ஒரு நாள் கூலி என்ன? அதை மணிக்கு வகுத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்க. அதுக்குக் குறைவாக ஒத்துக்காதீங்க.

சொந்த வள்ளத்துக்குக் கட்டினாலும் எழுதுங்க. டீசல், ஐஸ், இரை என்று செலவு எழுதும் நோட்டில் "தூண்டில் கட்டுக் கூலி" என்று ஒரு வரி சேருங்க. காசு கைமாறாவிட்டாலும் பரவாயில்லை. எழுதினால்தான் வள்ளம் உண்மையில் லாபத்தில் ஓடுதா என்று தெரியும். நம்ம உழைப்பும் கண்ணுக்குத் தெரியும்.

குழுவாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் வாங்கிச் சரக்கு குவிக்காதீங்க. முதலில் ஒரு வள்ளத்துக்கு மாதிரி கட்டிக் கொடுங்க. திரும்பக் கேட்டால் முள்ளும் நரம்பும் மொத்தமாக வாங்குங்க. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கடலுக்குப் போவது வள்ளமும் நாட்டுப்படகும்தான். அதனால் தூண்டில் தேவையை மார்ச் மாதமே விசாரிச்சு வைங்க. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கு. கூட்டமைப்பு மூலமாகப் பயிற்சி கேட்டு மனு கொடுக்கலாம்.

வெட்டிப்போட்ட நரம்பையும் உடைந்த முள்ளையும் மணலில் எறியாதீங்க. பிள்ளைகள் காலில் ஏறும், பறவையும் ஆமையும் சிக்கும். ஒரு மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டில் தூண்டிலோ வலையோ கட்டுகிறோம்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?
2. யார் வீட்டிலாவது ஈயம் உருக்குகிறார்களா? நிறுத்த என்ன செய்யலாம்?
3. ஒரு முள்ளுக்கு நம் ஊரில் நியாயமான கூலி எவ்வளவு? எல்லாரும் ஒரே விலை சொல்ல முடியுமா?

அடுத்த தடவை படிவத்தில் "தொழில் என்ன?" என்று கேட்டால், "தூண்டில் கட்டுறேன்" என்று சொல்லுங்க. காலி விடாதீங்க.