உயிரணுவின் வாயிற்கதவு

“வயிறு கழியும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடாதே, கொடுத்தால் இன்னும் அதிகமாகக் கழியும்.” நம் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவந்த பேச்சு இது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இப்பேச்சினால் நாவறண்டு வாடி மடிந்த மழலைகள் எத்தனையோ! இது தவறு என்பதை விளக்கும் உண்மை, கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய சவ்விலே மறைந்திருந்தது. அச்சவ்வைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது, குழந்தையை வளர்க்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயனளிக்கும்.

இரண்டடுக்கு மதில்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு சவ்வு சூழ்ந்து காக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அத்தடிமனை எட்ட வேண்டுமாயின், பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட சவ்வுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்!

இச்சவ்வு எதனால் ஆனது? 1925-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் கார்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் ஓர் எளிய சோதனை செய்தனர். இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பினர். அப்படலத்தின் பரப்பு, அச்சிவப்பணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இருக்கக் கண்டனர். ஆகவே, சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கிறது என்று முடிவு செய்தனர்.

இக்கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் இரு வால்களும் உண்டு. தலைகள் உள்ளும் புறமும் நீரை நோக்கி நிற்க, வால்கள் நடுவே ஒன்றையொன்று நோக்கி ஒதுங்கிக்கொள்கின்றன. 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் இவ்வமைப்பை மேலும் தெளிவாக்கினர். சவ்வு அசையாத கல்மதிலன்று; எண்ணெய்போல் நெகிழ்ந்து இயங்குவது; அதில் புரதங்கள் ஏரியில் மிதக்கும் ஓடங்களைப்போல் பதிந்து நகர்கின்றன என்றனர்.

இரு சாவிக் கதவு

பிராணவாயு இம்மதிலைத் தானே கடந்து செல்லும். உப்பும் சர்க்கரையும் அவ்வாறு கடக்க இயலா. அவற்றுக்குப் புரதங்களே கதவுகளாக அமைந்துள்ளன. நீருக்கென்றே தனிக் கால்வாயாக அமைந்த புரதமும் உண்டு. 1992-இல் அதனை இனங்கண்ட பீட்டர் ஆக்ரே 2003-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் சிறுகுடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களில் ஒரு விந்தையான கதவு இருக்கிறது. வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் ஒருங்கே தேவையல்லவா? அதுபோல, உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலுள்ள குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் இக்கதவு வழிவிடும். அவ்விரண்டும் உட்சென்றதும் நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. 1960-இல் பிராக் நகரில் கூடிய அறிஞர் கூட்டத்தில் ராபர்ட் கிரேன் இதனை எடுத்துரைத்தார்.

காலராக் கிருமியின் நஞ்சு செய்வது என்ன? குடல் உயிரணுக்களின் வேறொரு கதவை மூடவொட்டாமல் திறந்துவிடுகிறது. உப்பும் நீரும் வெள்ளமாக வெளியேறுகின்றன. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் நீர் இழப்பு ஏற்படலாம். ஆயினும் நாம் சொன்ன இரு சாவிக் கதவு பழுதடைவதில்லை! வெறும் நீர் போதாது. உப்பையும் சர்க்கரையையும் உரிய அளவில் கலந்து கொடுத்தால், நோயுற்ற குடலும் நீரை ஏற்றுக்கொள்ளும்.

போங்கான் முகாமில்

1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் என்னும் இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளிடம் இவ்வுண்மையைச் சோதித்து வெற்றி கண்டனர். பெருஞ்சோதனை 1971-இல் வந்தது. வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காள எல்லையிலுள்ள போங்கான் முகாமில் அகதிகளிடையே காலரா பரவியது. சிரை வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனோபிஸ் துணிந்து, சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றைப் பொட்டலங்களாகக் கட்டுவித்து, நீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினரே குவளையில் பிடித்துப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், இம்முறையால் மரணம் நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அம்மருத்துவருக்கு 2023-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

நம் இல்லத்தில்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டவுடன், மருந்துக்கடையிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு தூய நீரில் முழுவதுமாகக் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம். அளவு மீறலாகாது. உப்பு மிகுந்தால் ஆபத்து. சர்க்கரை மிகுந்தால் கழிச்சல் பெருகும். கலந்த நீரை ஒரு நாளுக்குமேல் வைத்திருத்தல் கூடாது.

தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. நம் பாட்டிமார் கொடுத்த உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நன்றே. அதன் மாவுப்பொருள் குடலில் குளுக்கோஸாக மாறி, அதே கதவைத் திறக்கிறது.

ஒன்றை மறவாதிருப்போம். இந்நீர் கழிச்சலை உடனே நிறுத்துவதில்லை. இழந்த நீரையே ஈடுசெய்கிறது. “இன்னும் நிற்கவில்லையே” என்று மனந்தளர்ந்து, புகட்டுவதை விட்டுவிடலாகாது. கண்கள் குழிவிழுந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், குழந்தை குடிக்க மாட்டாமல் சோர்ந்து மயங்கினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

கதவு திறந்தே இருக்கிறது. அதன் இரு சாவிகளும் நம் அடுக்களை அலமாரியில் உள்ளன. “தண்ணீர் கொடாதே” என்னும் பழைய பேச்சு இனி நம் வீடுகளில் எழவேண்டாம்.