சக்கரம் மடங்கும் கணு

காரின் முன்சக்கரத்தைக் கழற்றி, ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் கம்பியான டை ராடின் முனையிலுள்ள நட்டையும் எடுத்தாகிவிட்டது. இனி டை ராடு தானாக இறங்க வேண்டும். இறங்காது. கையால் இழுத்தாலும் அசையாது. பழகிய மெக்கானிக் அதன் முனையிலுள்ள போல்ட்டைத் தொடவே மாட்டார். அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு போடு போடுவார். 'டப்'பென்று டை ராடு கழன்று தொங்கும்.

நட்டே இல்லாதபோது அதைப் பிடித்திருந்தது எது? கூம்பு. அந்த போல்ட்டின் தண்டு போகப்போகச் சிறுக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் துளையும் அதே சரிவில் சிறுக்கிறது. நட்டை முறுக்கினால் கூம்பு உள்ளே இழுபட்டு, மண்வெட்டியில் அடித்த ஆப்பு போல இறுகிவிடுகிறது. சரிவு மிகக் குறைவு என்பதால், அதை வெளியே தள்ளப் பார்க்கும் விசையை உராய்வு வென்றுவிடுகிறது. சுத்தியல் அடியில் அந்த இரும்புக் கண் ஒரு நொடிப்பொழுது நெளிகிறது. பிடி விட அது போதும்.

அந்தக் கண்ணைச் சுமக்கும் துண்டுதான் ஸ்டியரிங் நக்கிள். நக்கிள் என்றால் விரல் கணு. மேலே ஸ்ட்ரட், கீழே லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட், ஒரு பக்கம் டை ராடு, நடுவே பேரிங்கும் ஹப்பும், ஓரத்தில் பிரேக் காலிப்பர் என எல்லாம் வந்து சேருமிடம் இது. பிரேக்கை அழுத்தினால் சக்கரத்தை நிறுத்தும் விசை முழுவதும் இதன் வழியாகத்தான் காருக்குப் போகிறது.

இந்தக் கணு குதிரை வண்டிக் காலத்தது. அப்போது திரும்ப வேண்டுமென்றால் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியில் சுழலும். கூர்மையாகத் திருப்பினால் சக்கரம் வண்டிக்கு அடியில் போய், காலூன்ற இடமின்றி வண்டி குடை சாயும். மியூனிக்கில் வண்டி கட்டிய கேயோர்க் லாங்கன்ஸ்பெர்கர் அச்சை அசையாமல் வைத்து, இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனியே மடங்கவிட்டார். அவருக்காக 1818இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். வாங்கியவர் பெயரே அந்த அமைப்புக்கு நிலைத்துவிட்டது. வளைவில் உள்சக்கரம் சிறிய வட்டமும் வெளிச்சக்கரம் பெரிய வட்டமும் போடுகின்றன. அதனால் உள்சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இன்றைய நக்கிளில் டை ராடு மாட்டும் கை சாய்ந்திருப்பது இந்தக் கணக்குக்காகத்தான். இடது நக்கிள் வலது பக்கத்துக்கு ஆகாது.

நக்கிளை வார்க்கும் இரும்பின் கதை இன்னும் அழகு. சாதாரண வார்ப்பிரும்பில் கரி மெல்லிய இதழ்களாகப் படிந்திருக்கும்; ஒவ்வோர் இதழும் விரிசலுக்கு வழிகாட்டி. பள்ளத்தில் விழும் சக்கரத்தை அது தாங்காது. 1943இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ், உருகிய இரும்பில் கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தபோது கரி இதழாகாமல் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டது. வார்ப்பில் தங்குவது 0.05 சதவீத அளவுதான். ஆனால் உடையும் இரும்பு வளையும் இரும்பாகிவிட்டது. இன்று பல கார்களின் நக்கிள் இந்த இரும்புதான்; சிலவற்றில் அலுமினியம்.

புதிய நக்கிளை மாட்டும்போது முதலில் கூம்புத் துளையைத் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். துரும்பு அழுக்கு இருந்தாலும் இரு சரிவுகளும் முழுதாகப் பதியாது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் பெரிய நட்டுக்குப் பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு வேண்டும். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 20 கிலோவைத் தொங்கவிட்டது போல. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, சக்கரம் தரையில் ஊன்றும் முன்பே அதை இறுக்கிவிட வேண்டும். பேரிங்கின் உள்வளையங்களை நெருக்கிப் பிடிப்பது அந்த நட்டுதான். பிடிக்குமுன் காரின் பாரம் ஏறினால் பேரிங் பழுதாகும்.

கடைசியில் டை ராடின் கோட்டை நட்டு, அதாவது தலையில் வெட்டுகள் உள்ள நட்டு. சொன்ன முறுக்குக்கு வந்தபின் அதன் வெட்டும் போல்ட்டின் துளையும் நேர்படவில்லையென்றால், கை தளர்த்தத்தான் போகும். தளர்த்தக் கூடாது. அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்கி, ஸ்பிளிட் பின்னை நுழைத்து, அதன் இரு கால்களையும் மடக்கிவிட வேண்டும்.